மாடி வீட்டை வாடகைக்கு விடப்போகும் தக்கலைத் தம்பிக்கு



வளைகுடாவில் சேர்த்த பணத்தோடு பேங்க் லோனும் போட்டு, குமாரகோயில் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விடும் யோசனை தக்கலைக்குப் புதிதல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார். வீடு 40 லட்சம், வாடகை மாதம் 10,000 என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு 1,20,000. போட்ட முதலுக்கு நூற்றுக்கு மூன்று. அதில் 30 லட்சம், 8.5 சதவீத வட்டியில் 20 வருஷக் கடன் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்க்குச் சற்று மேலே. மிச்சம் 16,000 உன் சம்பளத்திலிருந்துதான் போகும். இடத்தின் விலை ஏறலாம். அந்த லாபம் விற்கிற அன்றுதான் கைக்கு வரும்.

எனவே முதல் வாடகை வீடு, இருக்கிற வீட்டின் மாடியாக இருக்கட்டும். வெளியே தனிப் படி, தனிக் குளியலறை, தனி ஈ.பி. இணைப்பு இருந்தால் போதும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு. ஒரே மீட்டரை இரு குடும்பம் பங்கிட்டால், அந்தச் சலுகை யாருக்கு என்பதிலேயே முதல் மனக்கசப்பு தொடங்கும்.

ஆள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். கல்குளம் தாலுகாவின் தலைமையிடம் தக்கலை. அரசு மருத்துவமனையும் இங்கே இருக்கிறது. குமாரகோயிலில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம். இடம் மாறி வரும் ஊழியர்களும் மாணவர்களும் ஆண்டுதோறும் வீடு தேடுவார்கள். மாணவிகளுக்கு ஹாஸ்டலாகவே நடத்த நினைத்தால் மட்டும் 2014 ஆம் ஆண்டு விடுதிகள் சட்டப்படி உரிமம் எடுத்தாக வேண்டும். கட்டிலும் பீரோவும் வாங்கிப் போட்ட பிறகு அதைத் தெரிந்துகொள்ளாதே.

வேறொருவரிடம் பழைய வீடு வாங்குவதாக இருந்தால் பத்திரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியுமாக இருந்த மண். மூலப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கக்கூடும். படிக்கத் தெரிந்த வழக்கறிஞரை வைத்து வரி விடாமல் வாசிக்கச் சொல். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி, சென்ட் கணக்குப் பேசி முடித்துவிடாதே.

அடுத்தது ஒத்தி. மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைத்து, கெடு முடிந்ததும் முழுத்தொகையைத் திருப்பும் ஏற்பாடு நம் பக்கம் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. கட்டட வேலை பாதியில் நிற்கும்போது அந்தப் பணம் தெய்வம் அனுப்பியதுபோல் தோன்றும். ஆனால் அது வருமானமே அல்ல, கடன். சிமெண்டிலும் கம்பியிலும் போட்டுவிட்டால், குடியிருப்பவர் காலி செய்கிற மாதம் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைய வேண்டும். புதியவர் கிடைக்கும்வரை பழையவர் நகரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அது அவர் ஆயுள் சேமிப்பாக இருக்கலாம். ஒத்திப் பணத்தை அப்படியே வங்கி வைப்பில் போட்டு வைக்க முடியுமென்றால் வாங்கு. இல்லாவிட்டால் மாத வாடகையே நல்லது.

பத்திரக் கடையில் 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017 ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பாக்கி வைத்தவரின் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் குற்றம் உன்மேல் திரும்பும். பாக்கிக்கு வழி, நோட்டீஸும் வாடகை நீதிமன்றமும்தான்.

யார் எதைப் பழுது பார்ப்பது என்பதையும் அந்தச் சட்டம் பிரித்துச் சொல்கிறது: கட்டடக் கோளாறு, வெள்ளையடிப்பு, வயரிங் உரிமையாளருக்கு, குழாய் வாஷர், அடைத்த சாக்கடை போன்ற அன்றாடச் சில்லறை வேலை குடியிருப்பவருக்கு. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது, ஆகவே மொட்டைமாடிக் கசிவு உன் பொறுப்பில் வரும் மிகப் பெரிய செலவு. வெயிலுக்கும் மழைக்கும் ஷீட் போடுவது நம் வழக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்த வேகத்தை நினைத்து ஷீட்டின் கம்பிகளை உறுதியாகப் பொருத்து. வருஷ வாடகையில் ஒரு மாதத்தையாவது பழுது வேலைக்கென்று தனியே எடுத்து வை. வருமான வரிக் கணக்கில், நகராட்சிக்குக் கட்டிய சொத்துவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள்; ரசீது எதையும் தொலைக்காதே.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வீடு கேட்டு வருகிறவரிடம் "என்ன ஆளு?" என்று சாதியும் மதமும் விசாரிக்கும் பழக்கம் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கிற இந்த ஊரிலும் இருக்கிறது. அந்தக் கேள்வி உன் வாயிலிருந்து வரக் கூடாது. கைக்குழந்தையோடு தெருத்தெருவாக வீடு தேடும் ஒரு நர்ஸை அது எப்படிக் குறுக வைக்கும் என்று யோசி. எங்கே வேலை, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டில் வாடகை ஒழுங்காக வந்ததா: இவற்றைக் கேள், அந்த வீட்டு உரிமையாளரிடமும் பேசு.

சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் ரீடிங், சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்த்து போட்டோ எடுத்து, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி அவர்களிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்