நியூயார்க் ஹிப்போடிரோம்: அரங்கின் அளவும் கலைவடிவ மாற்றமும்

ஓர் அரங்கின் கட்டட அமைப்பு, அது ஏற்கும் கலைவடிவத்தோடு பிணைந்தது என்பதற்கு நியூயார்க் நகரின் ஹிப்போடிரோம் தக்க சான்றாகும். 5,000க்கும் மேற்பட்ட இருக்கைகளும் மேடையில் நீர்த்தொட்டியும் கொண்டு 1905இல் திறக்கப்பட்ட இவ்வரங்கு, யானைகளும் நூற்றுக்கணக்கான கலைஞர்களும் தோன்றும் பெருங்காட்சிகளுக்கெனவே எழுப்பப்பட்டது. ஆயினும், 1918இல் ஹூடினி இங்கு யானையை மறையச் செய்தபோது, மேடைக்கு நேரெதிரே அமர்ந்தோர்க்கே அவ்வித்தை முழுமையாகப் புலப்பட்டது.

பெருங்காட்சிகளின் செலவு கட்டுப்படியாகாத நிலையில், 1923இல் கீத்-ஆல்பி நிறுவனம் இதனை வாடெவில் எனும் பல்சுவை நிகழ்ச்சிகளுக்குரியதாக மாற்றியது. தனிக்கலைஞரின் முகக்குறிப்பையும் சொல்நயத்தையும் நம்பிய அவ்வடிவத்திற்காக மேடை சுருக்கப்பட்டது. தனிச்சிறப்பான அமைப்புகள் நீக்கப்பட்டன. பின்னர்த் திரைப்படமும் இடம்பெற்றது. எனினும் 1939இல் அரங்கு இடிக்கப்பட்டது.

ஆகவே, இவ்வரங்கின் பெருமைக்குக் காரணமான அளவே அதன் அழிவுக்கும் ஒரு காரணமாயிற்று எனலாம்.