படகை விட்டு இறங்கத் தெரிந்தால்தான் அட்மிரல்

கற்பிட்டியிலோ உடப்பிலோ பிறந்து, உயர்தரம் படித்துக்கொண்டே, இலங்கைக் கடற்படையின் விசேட படகுப் படையணிமேல் கண் வைத்திருக்கிறீர்களா? அந்தப் படையணிக்கு வெளியிலிருந்து நேரே ஆள் எடுப்பதில்லை. முதலில் கடற்படையில் சேர வேண்டும். பிறகு, தாமாக முன்வருபவர்களை நீச்சல், சுழியோடல், இருட்டில் படகோட்டம், தூக்கமில்லா இரவுகள் என்று வடிகட்டுவார்கள். நடுவில் திரும்புவதில் வெட்கமில்லை. கடற்படையில் வேறு வேலைகளும் உண்டு.

மாலுமியாகச் சேர்ந்தும் இந்தப் படையணிக்குப் போகலாம். ஆனால் உயர் பதவிதான் குறி என்றால் அதிகாரி வாசலால் நுழையுங்கள். திருகோணமலைக் கடற்படைக் கழகம் ஒரு வழி. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இன்னொரு வழி.

உதாரணத்துக்கு, ரவீந்திர விஜேகுணரத்ன இந்தப் படையணியை 1993இல் தொடங்கிவைத்தபோது இளம் அதிகாரி. 2015இல் கடற்படைத் தளபதி. 2017இல் பாதுகாப்புப் படைகளின் பிரதானி. முதல் இரண்டுக்கும் நடுவே 22 வருடங்கள். படகில் பாய்கிற வேலை இளவயதுக்கு உரியது. லெப்டினன்ட் கொமாண்டரைத் தாண்டினால் மேசை, கப்பல், தளம், சபுகஸ்கந்தப் பணியாளர் கல்லூரி என்று பாதை அகலும். கடைசிவரை துப்பாக்கியோடு படகில்தான் இருப்பேன் என்று அடம்பிடிப்பவர் நல்ல வீரராக இருக்கலாம். கொமடோர் பதவி அவருக்கு எட்டாது.

கரையோரப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் உண்டு. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் சிறு படகுகளைக் கூட்டமாக ஏவித் தாக்கியதைப் பார்த்து, கடற்படையும் தானே கட்டிய 'அரோ' படகுகளைக் கூட்டமாக இறக்கியது. அத்தகைய சிறு படகின் குணம், வாடைக்காற்றில் அலை எழும் விதம் எல்லாம் உங்களுக்குச் சிறுவயதிலேயே பழக்கம். ஆனால் வரைபடமும் கணிதமும் கரைவலையோடு வராது. பாடசாலையில்தான் பிடிக்க வேண்டும்.

மொழியை யாரும் இலேசாக எடுத்துவிடக் கூடாது. அன்றாடம் சிங்களம், அதிகாரிகளின் பாடம் ஆங்கிலம். இரண்டும் தடுமாறினால் பதவி உயர்வும் தடுமாறும். தமிழோ இந்தக் கடலில் தொழில் தகைமை. பீடி இலையும் மஞ்சளும் ஏற்றிவரும் படகை மறிக்கிறவர், அதில் இருப்பவரோடு அவர் மொழியிலேயே பேசினால் பாதிப் பதற்றம் தணியும். சீருடையை ஊர் சந்தேகத்தோடு பார்க்கும் என்பதும் உண்மை. போருக்குப் பின்னும் அது முழுதாகப் போய்விடவில்லை. வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

விண்ணப்பம் கோருவது வர்த்தமானியிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வரும். அதற்கு முன், புத்தளம் ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதியுங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிய முடியாதவருக்குக் கப்பல் தளத்தில் வேலை இல்லை. அதை இருபது வயதில் நேர்முகத்தில் அறிவதைவிட, பதினாறிலேயே அறிந்துகொண்டு வேறு துறைக்குப் படிப்பது மேல்.