வண்டியின் புகையும் கிளட்ச் பக்கத்து ஆயில் சீலும்

புகை கக்கும் மோட்டார் சைக்கிளைக் கண்டவுடன் "பிஸ்டன் தேய்ந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர், தம் பழைய யெஸ்டி வண்டிக்குச் சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டார். நெல் விற்ற பணத்தில் பெரும்பகுதி அதற்கே சென்றது. புகையோ முன்போலவே வந்தது. குற்றம் கிளட்சுக்குப் பின்னாலிருந்த ஓர் ஆயில் சீலில் இருந்தது. அதனைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மைசூரில் முதலில் ஜாவா என்றும், 1973 முதல் யெஸ்டி என்றும் பெயரிட்டுச் செய்யப்பட்ட இவ்வண்டிகளின் உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. இன்று அப்பெயர்களில் வரும் புதிய வண்டிகள் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அவற்றுக்கு இப்பாடம் பொருந்தாது.

பழையவை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பிஸ்டன் மேலே செல்லும்போது கிராங்க் அறை காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அவற்றை அழுத்திச் சிலிண்டருக்கு அனுப்புகிறது. அவ்வறையின் சுவருக்கு அப்பால் கிளட்சும் செயினும் கியர் எண்ணெயில் நனைந்து சுழல்கின்றன. இரண்டிற்கும் நடுவே, கிராங்க் தண்டைச் சுற்றியிருப்பதே இந்தச் சீல். அதன் ரப்பர் உதடு காய்ந்து வெடித்தால், எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. ஆகையால்தான் இக்குற்றம் கண்ணில் படுவதில்லை. கியர்ப் பெட்டி வறண்டு, பற்கள் தேய்ந்த பின்னரே பலர் அறிகின்றனர்.

சோதனை எளிது. கியர் எண்ணெயை உரிய மட்டத்திற்கு ஊற்றி, சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் பார்க்க வேண்டும். வெளிக்கசிவின்றி மட்டம் தாழ்ந்து, புகையும் வெண்மையாக அடர்ந்து வந்தால் சீலையே ஐயுற வேண்டும். கியர் எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசுவதும் மற்றோர் அடையாளம்.

மாற்றுவதற்கு, எண்ணெயை வடித்து, இடப்புற மூடியைக் கழற்றி, கிளட்சுத் தட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். செயினுக்கு இணைப்புக் கண்ணி இல்லை. ஆதலால் கிளட்சுக் கூடையும் எஞ்சின் பல்சக்கரமும் செயினோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். நட்டின் மரை எப்பக்கம் என்று அறியாமல் ஸ்பானரில் தொங்கலாகாது. பல்சக்கரம் தண்டில் இறுகப் பிடித்திருக்கும். அதற்குப் புல்லர் தேவை. சுத்தியலைத் தேடும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவதே நலம்! இக்கிராங்க் பல துண்டுகளை அழுத்திச் சேர்த்தது, அடிபட்டால் கோணிவிடும். சீலின் விலை சொற்பம். கிராங்கின் விலை அப்படியன்று.

பழைய சீல் எப்பக்கம் பார்த்திருந்தது எனக் குறித்துக்கொண்டு, தண்டில் கீறல் விழாமல் பெயர்த்தெடுக்க வேண்டும். சீலின்மேல் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகியவை மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். புதியதோடு அவற்றை ஒப்பிட வேண்டும். பல்லாண்டு கடையில் கிடந்த சீலின் உதடு விரலால் மடக்கினால் விறைத்து நிற்கும், அதனை வாங்கலாகாது. உதடு ஓடிய இடத்தில் நகம் தட்டும் பள்ளம் தண்டில் இருந்தால், புதுச் சீலும் நெடுநாள் தாங்காது. உதட்டில் எண்ணெய் தடவி, தண்டின் கூரிய விளிம்புகள்மீது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலைக் கோணாமல் அமர்த்த வேண்டும்.

பூட்டி முடித்ததும் புகை உடனே நின்றுவிடாது. இரு சைலன்சர்களிலும் தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீரச் சில நாட்களாகும். நம் உறுப்பினர் முதல் நாள் மாலையே வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்! கியர் எண்ணெயின் மட்டம் தாழாதிருந்ததைக் காட்டிய பின்னரே வீடு சென்றார்.