காப்பீட்டு ஒப்புகைச் சீட்டைச் சரிபார்த்தல்

அல்லிநகரம் பகுதி வாழை விவசாயிகளே! 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுச் சேவை மையம் வழியே பதிவு செய்ததும், கணினி ஒப்புகைச் சீட்டு தருகிறது. படிவத்தில் தட்டியதையே அது திருப்பித் தரும். பிழையைத் தானாகத் திருத்தாது. ஆகவே, மையத்தை விட்டு நகருமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. பெயர்: ஆதாரில் உள்ளவாறு.
2. கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு: சிட்டா, அடங்கலில் உள்ளவாறு. ஓர் ஏக்கர் 0.405 ஹெக்டேர்.
3. பயிரின் பெயர்.
4. வங்கிக் கணக்கு எண்: ஓர் இலக்கம் மாறினாலும் இழப்பீடு உங்கள் கைக்கு வராது.
5. பிரீமியம்: தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 5 சதத்திற்கு மிகாது.

பிழையிருப்பின் பதிவுக் கெடு முடியுமுன் திருத்திப் புதுச் சீட்டுப் பெறவும். ஆலங்கட்டி மழையால் சேதமானால் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது சீட்டிலுள்ள விண்ணப்ப எண் கைகொடுக்கும். பாஸ்புத்தகத்துடன் பத்திரப்படுத்துங்கள்.