முதலில் ஸ்டேஷனுக்குப் போ

அன்புள்ள பேத்திக்கு,

கோடை விடுமுறையில் கனடாவிலுள்ள லேக் லூயிஸ் ஏரிக்குப் போகப்போவதாக உன் அப்பா போனில் சொன்னான். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஏரிக்கரைக்குப் போய், படம் எடுத்து, பெரிய ஹோட்டலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீ முதலில் கீழே இருக்கும் பழைய ரயில்வே ஸ்டேஷனுக்குப் போ. ரயில்வேயில் வேலை பார்த்த கிழவன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்காதே. அந்த ஏரிக்கு உலகப் புகழ் வந்ததே ரயிலால்தான்.

1885-இல் கனடியன் பசிபிக் ரயில்வே கிழக்கையும் மேற்கையும் இணைத்து முடித்தபோது, செலவு கம்பெனியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ராக்கி மலைப்பகுதியில் ஏற்றிச் செல்லச் சரக்கும் அதிகமில்லை, இறங்க ஊரும் அதிகமில்லை. கம்பெனியை நடத்திய வில்லியம் வான் ஹார்ன் ஒரு கணக்குப் போட்டார்: மலையழகை வெளியூருக்கு அனுப்ப வழியில்லை, பணமுள்ளவர்களை அதனிடம் வரவழைப்போம்.

மலையில் ஹோட்டல்கள் கட்ட இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். லேக் லூயிஸுக்கு மேற்கே, கிக்கிங் ஹார்ஸ் கணவாயில், பாதை 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் இறங்கியது. நம் கல்லாறு–குன்னூர் மலை ரயில் பாதை இதைவிடச் செங்குத்துதான். ஆனால் அங்கே பல்தண்டவாளம் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிக்கிங் ஹார்ஸில் அது கிடையாது. இந்த மேட்டில் கனமான சாப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்து இழுப்பானேன் என்று, மலைகளுக்கிடையே சாப்பாட்டு விடுதிகளைக் கட்டி அங்கே ரயிலை நிறுத்தினார்கள். கம்பெனியின் மலை ஹோட்டல்கள் இப்படித்தான் தொடங்கின. 1909-இல் மலைக்குள் சுருள் சுரங்கங்கள் வெட்டிய பிறகே சரிவு பாதியாகக் குறைந்தது.

இப்போதுள்ள ஸ்டேஷன் 1910-இல் முழுமுழு மரங்களை அடுக்கிக் கட்டியது. ஊருக்கு அப்போது லாகன் என்று பெயர். 1912 முதல் 1930 வரை இங்கிருந்து ஒரு குட்டி டிராம் விருந்தினர்களை மேலே ஏரிக்கு ஏற்றிச் சென்றது. 1990 முதல் வழக்கமான பயணிகள் ரயில் இந்த வழியில் வருவதில்லை, கட்டடம் உணவகமாகிவிட்டது. பெரும்பாலும் சரக்கு ரயில்தான் ஓடுகிறது. ஒன்று வந்தால் நின்று பார், முடிகிற வழியாக இராது.

ஏரிக்கரை ஹோட்டல் 1890-இல் சின்ன மரவீடாகத் தொடங்கி, மூன்றே வருடத்தில் எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள், பெருக்கினார்கள். 1924-இல் மரப்பகுதி மறுபடியும் தீக்கிரை. இன்று 500-க்கு மேல் அறைகள். உள்ளே காப்பி விலையைக் கேட்டு மயங்கி விழாதே.

இந்த ஏரியை 1882-இல் டாம் வில்சன் என்பவர் கண்டுபிடித்ததாகப் படிப்பாய். அவரை அங்கே கூட்டிப்போனதே ஸ்டோனி நக்கோடா பழங்குடிக்காரர் ஒருவர். சின்ன மீன்களின் ஏரி என்று அவர்கள் அதற்கு எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸின் பெயர் அப்புறம் வந்தது.

இனி ஏரிக்கு வா. அந்தப் பச்சைநீலத்தைப் பார்த்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு பார். நிறம் இராது, லேசாகக் கலங்கியிருக்கும், அவ்வளவுதான். எதிரே தெரியும் விக்டோரியா பனியாறு மெல்ல நகரும்போது அடியிலுள்ள பாறையைத் திருகைபோல் அரைக்கிறது. அந்தப் பாறைமாவு பனி உருகும் நீரோடு வந்து ஏரியில் மிதக்கிறது. மிக நுண்ணிய துகள் என்பதால் சுலபத்தில் அடியில் படியாது. சூரிய ஒளியில் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிட, மீந்த நீலத்தையும் பச்சையையும் இந்தத் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன.

ஜூன் தொடக்கத்தில்கூட ஏரியில் பனிக்கட்டி கிடக்கலாம். நிறம் பார்க்க ஜூலை, ஆகஸ்டுதான் சரி. கார் நிறுத்துமிடம் விடியற்காலையிலேயே நிரம்பிவிடும். பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸுக்கு இப்போதே சீட்டுப் போட்டு வை. ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
தாத்தா