உணவுச் சட்டமும் பொதுஜன வாக்கெடுப்பும்

பாலில் நீர் கலந்திருப்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்தல் அரிது. பரிசோதனையே அதனை வெளிப்படுத்தும். ஆயினும், பரிசோதனையின் முடிவு கலப்படம் செய்தவரைத் தண்டிக்கும் வலிமையைப் பெறுவது சட்டத்தினாலேயாம். அத்தகைய சட்டம் வேண்டுமா என்று வாக்காளர்களையே நேரில் கேட்ட நாடு ஸ்விட்ஜர்லாந்து.

சட்டம் பிறந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் உணவுக் கண்காணிப்பு, 'கான்டன்' எனப்படும் மாநிலங்களின் பொறுப்பில் இருந்தது. விதிகள் இடத்திற்கு இடம் வேறுபட்டன. ஒரு கான்டனில் தடுக்கப்பட்ட சரக்கு, எல்லையைக் கடந்து அடுத்த கான்டனில் விலைபோகக் கூடியதாயிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இயற்ற மத்திய அரசாங்கத்திற்கு அதிகாரம் இல்லை.

இவ்வதிகாரத்தை அளிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 1897 ஜூலை 11 அன்று வாக்கெடுப்பிற்கு விடப்பட்டது. வாக்காளரில் பெரும்பான்மையோரும், கான்டன்களில் பெரும்பான்மையும் இசைந்தாலன்றி அது நிறைவேறாது. இரண்டும் கிடைத்தன.

1905 டிசம்பரில் பாராளுமன்றம் உணவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 30,000 குடிமக்கள் கையொப்பமிட்டுக் கோரினால், நிறைவேறிய சட்டத்தையும் மக்கள் தீர்ப்புக்கு விடவேண்டும் என்பது 1874ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விதி. எதிர்ப்பாளர் அவ்வுரிமையைப் பயன்படுத்தினர். 1906 ஜூன் 10 அன்று வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பேர் சட்டத்தை ஆதரித்தனர். 1909 ஜூலையில் அது அமலுக்கு வந்தது.

நடைமுறை

விதிகள் நாடு முழுவதற்கும் பொதுவாயின. மாதிரி எடுத்தல், பரிசோதித்தல் ஆகிய அன்றாடப் பணிகளோ கான்டன்களின் ரசாயன நிபுணர்களிடமும் ஆய்வாளர்களிடமுமே இருந்தன.

ஒரு குறையையும் கருதுதல் வேண்டும். இரு வாக்கெடுப்புகளிலும் ஆண்களே வாக்களித்தனர். உணவை வாங்கிச் சமைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டிய பெண்கள், தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1971இல்தான்.

நாம் அறியத்தக்கது

இந்தியாவில் 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், பின்னர் அதன் இடத்தைப் பெற்ற 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியவை, வாக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆகவே, சட்டம் எதற்காக ஏற்பட்டது என்பதைக் கடைக்காரருக்கும் இல்லத்தரசிகளுக்கும் மாணவர்களுக்கும் விளக்கும் கடமை களப்பணியாளரையும் ஆசிரியரையும் சார்ந்ததாகிறது. காரணம் அறியாத வியாபாரிக்கு மாதிரி எடுத்தல் தொல்லையாகவே தோன்றும். அறிந்தவர் அதனைத் தமது நேர்மைக்குச் சான்றாகக் கொள்வர்.

வினாக்கள்

1. கான்டன்தோறும் விதி வேறுபட்டதால் விளைந்த இடர் யாது?
2. 1897, 1906 ஆகிய ஆண்டுகளின் வாக்கெடுப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு யாது?
3. பரிசோதனைச் சாலை இருந்தும் சட்டம் இல்லாவிடில் நேர்வது யாது?