மனை வாங்கப் போறீங்களா? அக்கா சொல்ற 7 டிப்ஸ்!

கையில நாலு காசு சேர்ந்ததும், "எங்கேயாவது ஒரு மனை வாங்கிப் போடலாமாக்கா?"ன்னு கேட்கிற தங்கச்சிங்களுக்காக இது. நுழைவு வளைவையும் இலவசத் தங்கக் காசையும் பார்த்து இடத்தை முடிவு பண்ணாதீங்க. இன்னைக்கு அந்த ஏரியாவுல குடிவர ஆள் இருக்காங்களான்னு பாருங்க. விலை ஏறுறதே அதை வெச்சுத்தான்.

1. வரப்போறதைவிட வந்தது பெருசு: சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில திறந்தாச்சு. ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் மனை பார்க்கிறவங்களுக்கு அது கண்ணுக்குத் தெரியிற பலம். பரந்தூர் விமான நிலையம் 2022-ல் வந்த அறிவிப்பு. அந்தப் பேரைச் சொல்லி விற்கிற மனைக்கு, நாளைய விலையை இன்னைக்கே கொடுத்துடாதீங்க.

2. வாடகைக் கணக்கு போடுங்க: 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு மாச வாடகை 15,000 வந்தா, வருஷத்துக்கு 1,80,000. அதாவது 3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைவிட அதிகம், வாடகையிலயே இ.எம்.ஐ. கட்டிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரே விலையில ரெண்டு ஏரியா இருந்தா, 'டு-லெட்' போர்டு எங்கே சீக்கிரம் இறங்குதோ, அதை எடுங்க.

3. மழையில போய்ப் பாருங்க: 2015 வெள்ளத்துல முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு தெரியும்தானே? காம்பவுண்டுச் சுவர்ல தண்ணி நின்ன கறை இருக்கா, பக்கத்து வீட்டுல இ.பி. மீட்டரை மேலே ஏத்தி வெச்சிருக்காங்களான்னு கவனிங்க. தெருமுனைக் கடையில, "கோடையில லாரித் தண்ணி வாங்குவீங்களா?"ன்னு கேளுங்க. புரோக்கர் சொல்லாததை அவங்க சொல்லிடுவாங்க.

4. அப்ரூவல்: 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொன்னா நகர்ந்துடுங்க. லேஅவுட்டுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி வேணும். 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற புதுத் திட்டம்னா ரெரா பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, நீங்களே சரிபாருங்க.

5. பத்திரம்: 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூணையும் ஒண்ணா வெச்சு, சர்வே எண் ஒத்துப்போகுதான்னு பாருங்க. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல இலவசமாவே பார்க்கலாம். பூர்வீகச் சொத்துன்னா, பெண் பிள்ளைங்க கையெழுத்தும் கட்டாயம். 2005 இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மகனுக்கு இருக்கிற அதே பங்கு மகளுக்கும் உண்டு.

6. ஃப்ளாட்டுன்னா யு.டி.எஸ்.: கட்டடம் பழசாகும், மதிப்பு ஏறுறது நிலத்துக்குத்தான். அதனால உங்க பேர்ல எத்தனை சதுர அடி பிரிபடாத பங்கு வருதுன்னு பத்திர வரைவுலயே பாருங்க.

7. மேல்செலவை ஒதுக்கி வைங்க: மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பேர்ல பதிஞ்சா, 2025 ஏப்ரல்லேருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும். இருக்கிற நகை எல்லாத்தையும் அடகு வெச்சு வாங்காதீங்க. நிலத்தை அவசரத்துக்கு விற்க முடியாது, நகையை முடியும்.

"இன்னைக்கு டோக்கன் போடலைன்னா வேற ஆள் எடுத்துடுவாங்க"ன்னு அவசரப்படுத்துவாங்க. எடுத்துட்டுப் போகட்டும். வக்கீல் எழுத்துல கருத்து கொடுக்கிற வரைக்கும் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அதோட, உங்க காசும் சேர்ந்து வாங்குற சொத்துல உங்க பேரும் இருக்கணும். கேட்டு எழுத வையுங்க.